செரோக்கி ஒப்பந்தமும் இருளர் பட்டாவும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையிலும், அங்கிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையின் இருமருங்கிலும், ஒரு தலைமுறைக்கு முன்பு ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலங்களில் இன்று கார்களும் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் கைப்பேசிகளும் உற்பத்தியாகின்றன. 1998-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து முதல் கார் வெளிவந்தது, 2006-இல் நோக்கியா வந்து 2014-இல் கதவை மூடிக்கொண்டு போனது, 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலையும் 2012-இல் டைம்லர் நிறுவனத்தின் லாரி ஆலையும் திறக்கப்பட்டன என்று, இந்தப் பிரதேசத்தின் அண்மைக்காலச் சரித்திரத்தை ஆலைகளின் வரிசையாகவே எழுதிப் பழகிவிட்டோம். இந்தச் சரித்திரம் பொய்யன்று. பல்லாயிரம் குடும்பங்களுக்கு அது சோறளித்திருக்கிறது. ஆனால், இந்த மண்ணில் ஆலைகளுக்கும் முன்பு, ஏர் உழுத குடியானவனோடு கூடவே, காடும் வயலும் ஏரிக்கரையுமே ஜீவனமாக வாழ்ந்துவந்த ஒரு ஜனசமூகத்துக்கு அந்தச் சரித்திரத்தில் ஒரு வரிகூட ஒதுக்கப்படவில்லை. அந்தச் சமூகம் இருளர் சமூகம்.

காஞ்சிபுரம், செங்கற்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் மாவட்டங்களின் சமவெளியில் சிறு சிறு குடியிருப்புகளாகச் சிதறி வாழும் இவர்களைப் பற்றி, எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளிலேயே விரிவான குறிப்புகள் உண்டு. தமிழ்நாட்டில் தனிக் கவனத்துக்குரிய தொன்மைப் பழங்குடிகள் என்று மத்திய அரசு வகுத்திருக்கும் ஆறு சமூகங்களுள், தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோரோடு இருளரும் ஒருவர். மாசி மாதத்துப் பௌர்ணமியில் மாமல்லபுரத்துக் கடற்கரையில் ஆயிரக்கணக்கில் கூடி, சேலைகளையே சுவர்களாகக் கட்டிய தற்காலிகக் குடில்களில் தங்கி, கன்னியம்மனை வழிபட்டு, விவாகங்களையும் காதுகுத்துகளையும் அங்கேயே நடத்திக்கொள்ளும் இம்மக்களை, அந்த இரண்டொரு நாளில் புகைப்படம் எடுத்துப் பிரசுரிக்கும் நாம், ஆண்டின் மற்ற நாட்களில் அவர்கள் எந்த மண்ணில் எந்த உரிமையோடு வாழ்கிறார்கள் என்று கேட்பதில்லை.

கேட்டால் கிடைக்கும் பதில் நமக்குப் பெருமை தருவதாக இராது. பெரும்பாலான குடும்பங்கள் ஏரிக்கரைப் புறம்போக்கிலோ, கால்வாய் ஓரத்திலோ, எவரோ ஒரு நிலச்சுவான்தாரின் கொல்லை மூலையிலோ, ஓலையும் தார்ப்பாயும் போர்த்திய குடிசைகளில் காலங்கழிக்கின்றன. பட்டா இல்லாத குடிக்கு மின்னிணைப்புப் பெறுவதும் வீட்டுத் திட்டத்தில் சேருவதும் பெரும்பாடு. சாதிச் சான்று இல்லாத பிள்ளை பள்ளியைத் தாண்டிக் கல்லூரிக்குள் நுழைவது அதனினும் பெரும்பாடு. கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியரிடமும் அன்றி, வருவாய் கோட்டாட்சியரிடமே பெறவேண்டிய அந்தப் பழங்குடிச் சான்றுக்காக ஒரு தந்தை எத்தனை நாள் கூலியை இழக்கவேண்டியிருக்கிறது என்பதை அக்குடியிருப்புகளில் வாழ்வோரே நன்கறிவர். இந்த வெறுங்கையோடுதான் அவர்கள் செங்கல் சூளைக்கும், அரிசி ஆலைக்கும், மரம் வெட்டும் காட்டுக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். வாங்கிய சில ஆயிரம் ரூபாய், வட்டியும் வசவுமாக வளர்ந்து, ஒரு தலைமுறையைக் கட்டிப்போடுகிறது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது 1976-இல். அதற்கு 43 ஆண்டுகள் கழித்து, 2019 ஜூலையில், காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை அதிகாரிகள் மீட்டபோது, நரைத்த தலையுடைய ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்து நன்றி சொன்ன புகைப்படத்தை நாடே பார்த்தது. சட்டப்படி தமக்குச் சொந்தமான விடுதலைக்காக ஒரு மனிதர் இன்னொருவர் காலில் விழ நேர்ந்ததே, நம் உறவின் தன்மையை உள்ளபடி காட்டுகிறது.

ஒரு பெருஞ்சமூகத்துக்கும் அதன் நடுவே வாழும் பூர்வகுடிக்கும் உள்ள உறவை எந்த அளவுகோலால் அளப்பது என்ற கேள்விக்கு, உலக சரித்திரத்தில் மிகத் தெளிவான விடை தருவது, அமெரிக்காவின் தென்கிழக்கில் அப்பலாச்சிய மலைச்சாரல்களில் வாழ்ந்த செரோக்கி மக்களுக்கும் ஐரோப்பாவிலிருந்து சென்று குடியேறிய வெள்ளையருக்கும் இடையே நிகழ்ந்த வரலாறு என்பது என் அபிப்பிராயம். அதை இங்கே சற்று விரிவாகச் சொல்வதற்குக் காரணம், நம் நாட்டில் பழங்குடிகளைப் பற்றி நல்ல மனத்தோடு பேசுவோர்கூட அடிக்கடி சொல்லும் ஒரு வாதத்தை அந்த வரலாறு வேரோடு சாய்த்துவிடுகிறது என்பதே.

செரோக்கியருக்கும் வெள்ளையருக்கும் ஆரம்பத்தில் இருந்த தொடர்பு வெறும் பகையன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் தோல் வியாபாரத்துக்காக மலைக்கிராமங்களுக்கு வந்த ஸ்காட்லாந்து நாட்டாரும் ஐரிஷ்காரரும் செரோக்கிப் பெண்களை மணந்து அங்கேயே தங்கினர்; குலம் தாய்வழியே வந்தமையால், அந்தப் பிள்ளைகள் தாயின் குலத்தில் குறைவற்ற செரோக்கியராகவே வளர்ந்தனர். நெடுங்காலம் அந்த ஜனங்களின் முதன்மைத் தலைவராக இருந்த ஜான் ராஸ், இரத்தக் கணக்குப் பார்த்தால் எட்டில் ஏழு பங்கு ஸ்காட்லாந்து வம்சத்தவர். இப்படிப் பெண் கொடுத்து, சோறு போட்டு, காட்டு வழிகளைக் காட்டிக்கொடுத்த மக்களோடு, புதிய அமெரிக்கக் குடியரசு 1785-இல் ஹோப்வெல் என்னுமிடத்தில் ஒப்பந்தமும் செய்துகொண்டது. பிறகு அக்குடியரசு அவர்களுக்குச் சொன்ன உபதேசம் இது: வேட்டையை விட்டு ஏரைப் பிடியுங்கள், எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், எங்களைப்போல் ஆட்சிமுறை வகுத்துக்கொள்ளுங்கள், நாகரிகம் அடைந்தால் நீங்களும் நாங்களும் ஒன்று.

செரோக்கியர் அந்த உபதேசத்தை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினர். ஆங்கிலம் எழுதப் படிக்க அறியாத செக்வோயா என்பவர், தம் தாய்மொழிக்கென்று தாமே ஓர் எழுத்துமுறையை 1821-இல் முடித்துத் தந்தார். சில ஆண்டுகளுக்குள் அம்மக்களில் பெரும்பகுதியினர் எழுத்தறிந்தவராயினர். 1827-இல் அமெரிக்க அரசியல் சாஸனத்தைப் பின்பற்றித் தமக்கு ஒரு சாஸனம் எழுதிக்கொண்டனர். 1828-இல் நியூ எக்கோட்டா என்னும் தலைநகரிலிருந்து செரோக்கியிலும் ஆங்கிலத்திலும் ‘செரோக்கி ஃபீனிக்ஸ்’ என்ற பத்திரிகையை வெளியிட்டனர். பண்ணைகளும் பள்ளிகளும் ஆலயங்களும் எழுந்தன. வெள்ளையரைப் பின்பற்றிய அந்த ஆர்வத்தில், அவர்களுள் செல்வர் சிலர் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருக்கும் பாவத்தையும் கற்றுக்கொண்டனர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆக, முன்னேற்றம் என்று வெள்ளையர் எதைச் சொன்னார்களோ அதில் ஒன்றும் குறைவில்லை. ஆயினும், ஜார்ஜியாவின் மலைகளில் தங்கம் கண்டெடுக்கப்பட்டவுடன், 1830-இல் இந்தியர் அகற்றுதல் சட்டம் நிறைவேறியது. செரோக்கியர் உழுதுகொண்டிருந்த நிலங்களை ஜார்ஜியா அரசு லாட்டரிச் சீட்டுப் போட்டு வெள்ளையருக்குப் பங்கிட்டது.

செரோக்கியர் ஆயுதம் எடுக்கவில்லை, நியாயஸ்தலத்தை நாடினர். சாமுவேல் வூஸ்டர் என்ற வெள்ளைக்காரப் பாதிரியார் அவர்களுக்காகச் சிறை சென்றார். அவர் வழக்கில் 1832-இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், செரோக்கியரின் நாட்டுக்குள் ஜார்ஜியாவின் சட்டங்களுக்கு அதிகாரமில்லை என்று தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பை நிறைவேற்ற ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்ஸன் விரல் அசைக்கவில்லை. 1835-இல் மக்களின் அதிகாரம் பெறாத ஒரு சிறு குழுவினரைக் கையெழுத்திடச் செய்து ஓர் ஒப்பந்தம் தயாரிக்கப்பட்டது. அதை எதிர்த்துப் பதினையாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள் அடங்கிய விண்ணப்பத்தை ஜான் ராஸ் கொண்டுசென்றும் பயனில்லை. 1838-இல் இராணுவம் வந்தது. ஏறத்தாழ 16,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டு, மேற்கே இன்றைய ஓக்லஹோமாவுக்கு விரட்டப்பட்டனர்; குளிரிலும் நோயிலும் சுமார் 4,000 பேர் மாண்டனர். கண்ணீர்ப் பாதை என்று சரித்திரம் அதைக் குறிக்கிறது.

‘பழங்குடிகள் முதலில் படிக்கட்டும், தொழில் கற்கட்டும், நம்மைப்போல் ஆகட்டும், நிலமும் உரிமையும் தாமே பின்னால் வரும்’ என்று நம்மில் பலர் சொல்கிறோமே, அந்த வாதத்துக்கு இந்த வரலாறு சொல்லும் பதில் கடுமையானது. செரோக்கியர் படித்தார்கள், தொழில் கற்றார்கள், பத்திரிகை நடத்தினார்கள், சாஸனம் எழுதினார்கள். நிலத்தின் மதிப்பு உயர்ந்த நாளில் அவற்றுள் ஒன்றும் அவர்களைக் காக்கவில்லை. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் நிலத்தின் மதிப்பு ஆண்டுதோறும் எப்படி உயர்ந்துவருகிறது என்பதை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அங்கே தங்கம் செய்ததை இங்கே தொழிற்பேட்டையின் விஸ்தரிப்பும், பரந்தூர் விமான நிலையத் திட்டமும் செய்யக்கூடும். பட்டா உள்ள விவசாயி, தம் நிலத்தைக் கொடுக்க மறுத்துக் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றலாம்; பரந்தூர்த் திட்டத்தை எதிர்த்த ஏகனாபுரத்து மக்கள் அப்படிச் செய்ததை நாம் கண்டோம். கொடுக்க நேர்ந்தால் நஷ்டஈடும் பெறலாம். புறம்போக்கில் குடியிருக்கும் இருளருக்கோ மறுக்கவும் உரிமையில்லை, ஈடு கேட்கவும் ஆதாரமில்லை. 2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம், சொந்த நிலமில்லாவிடினும் அந்த நிலத்தை நம்பி மூன்றாண்டுகள் ஜீவித்த குடும்பத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக ஏற்கிறது என்பது உண்மையே; ஆனால் அந்த மூன்றாண்டு ஜீவனத்தைக் காகிதத்தில் நிரூபிக்கும் பொறுப்பு, காகிதமே இல்லாத மக்களின் தலையில் விழுகிறது.

செரோக்கியர் வரலாற்றில் இன்னும் ஒரு பகுதி உண்டு. நல்லெண்ணமுடையோர் அனைவரும் அதை ஊன்றிப் படிக்கவேண்டும். வட கரோலினாவின் மலைகளில் ஒரு சிறு பகுதியினர் விரட்டப்படாமல் தங்கினர். அவர்கள் தங்கியதற்குப் பெரிதும் காரணமானவர் வில்லியம் ஹாலண்ட் தாமஸ் என்ற வெள்ளையர். யோனகுஸ்கா என்ற செரோக்கித் தலைவர் அவரைச் சிறுவயதிலேயே சுவீகாரப் புத்திரராக ஏற்றிருந்தார். செரோக்கியர் நிலம் வாங்கும் உரிமையை அரசு ஏற்காத அக்காலத்தில், அவர்களுடைய பணத்தைக் கொண்டும் தம் பணத்தைக் கொண்டும் தாமஸ் தம் பெயரிலேயே நிலங்களை வாங்கி அவர்களைக் குடியிருத்தினார். அன்புக்கும் உழைப்புக்கும் இதைவிட என்ன உதாரணம் வேண்டும்? ஆனால் உள்நாட்டுப் போருக்குப் பிறகு அவர் கடனில் மூழ்கி, சித்தமும் கலங்கியபோது, கடன்காரர்கள் அந்த நிலங்களுக்கு உரிமை கொண்டாடி வந்தனர். வழக்கும் மத்தியஸ்தமும் நடந்து, 1870-களில்தான் அந்நிலம் செரோக்கியருக்கு நிலைத்தது. ஒருவருடைய அன்பினால் பாதுகாக்கப்படும் நிலம், அவருடைய ஆயுளும் அவருடைய கணக்குப் புத்தகமும் உள்ளவரையில்தான் பாதுகாப்புடையது. அனுபவிப்பவர் பெயரில் பத்திரம் இல்லாத தருமம் பாதித் தருமமே. கொல்லை மூலையில் குடிசை போட இடம் கொடுத்திருக்கும் நம் ஊர்ப் பெரியதனக்காரர்களும், ஆண்டுக்கொரு முறை போர்வையும் அரிசியும் வழங்கும் நிறுவனங்களும் இதை மனத்தில் கொள்ளவேண்டும்.

சொந்தப் பெயரில் உரிமை வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு, இருளர் சமூகத்திலேயே கண்கூடான சான்று உண்டு. அதிலும் அமெரிக்காவில் பிறந்த ஒருவரின் பங்கு இருப்பது சிந்திக்கத் தக்கது. நெடுங்காலமாகப் பாம்பு பிடித்துத் தோல் வியாபாரிகளுக்குக் கொடுத்து வாழ்ந்துவந்த இருளரின் ஜீவனம், 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன்பின் தோல் ஏற்றுமதித் தடையும் வந்தபோது அறுந்துபோயிற்று. நியூயார்க்கில் பிறந்து இந்தியாவில் வளர்ந்து, சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ராமுலஸ் விட்டேக்கர், இருளரிடமே பாம்பு பற்றிய ஞானத்தைக் கற்றவர். அவருடைய முயற்சியால் 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இயங்கும் அச்சங்கத்தில், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உறுப்பினர்கள் உயிரோடு பிடித்துவந்து, மண்பானைகளில் சில வாரம் வைத்து, விஷத்தை எடுத்தபின் மறுபடியும் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். 2000 முதல் 2019 வரையில் ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் மாண்டதாக ஆய்வாளர் மதிப்பிட்ட இந்நாட்டில், விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய மூலப்பொருளில் பெரும்பங்கு இந்தச் சங்கத்திலிருந்தே போகிறது. தோலுக்காகக் கொன்ற அதே கை, உயிர்காக்கும் மருந்துக்காக உழைக்கும்படி ஆனதற்குக் காரணம், அந்த ஞானத்தின் பயன் அதை உடையவர்களின் பெயரிலேயே பதிவானதுதான். செங்கற்பட்டு மாவட்டத்துச் சென்னேரியைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருவரும் 2017-இல் ஃப்ளோரிடா மாநிலத்துக்கு அழைக்கப்பட்டு, அங்கு பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளை, மோப்ப நாய்களும் விஞ்ஞானிகளும் திணறிய இடத்தில், முதல் எட்டு நாட்களுக்குள் பதின்மூன்று பிடித்துக்கொடுத்தனர். 2023-இல் அவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கி நாடு தன்னைக் கௌரவித்துக்கொண்டது.

விருது நியாயமானது. ஆனால் அமெரிக்காவிலும் இதையொத்த ஒரு மரியாதை உண்டு என்பதை நினைத்தால் மனம் எச்சரிக்கை கொள்கிறது. 2010-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில், தமக்குச் செரோக்கி வம்சம் உண்டென்று எழுதிக்கொடுத்தவர்கள் எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர். கணக்கில் எழுதாவிடினும், தன் கொள்ளுப்பாட்டி ஒரு செரோக்கிப் பெண் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வெள்ளைக் குடும்பங்கள் அந்நாடெங்கும் உண்டு. நிலத்தைப் பறிக்கும் காலத்தில் அந்நியராகத் தோன்றியவர்கள், நிலம் கைக்கு வந்தபின் மூதாதையராகிவிட்டனர். தமிழினத்தின் தொன்மையைப் பற்றிப் பேசும்போது நாமும் பழங்குடிகளை நம் ஆதி உறவினர் என்று மேடைகளில் புகழ்கிறோம். அந்த உறவை உண்மையாக்க வேண்டுமானால், உறவினருக்குரிய பங்கு வருவாய்த்துறைப் பதிவேட்டில் ஏறவேண்டும்.

ஏரிப் புறம்போக்குக்குப் பட்டா தரக்கூடாதென்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றனவே என்று கேட்கலாம். நீர்நிலைகளைக் காப்பது அவசியமே. 2015 டிசம்பர் வெள்ளத்தில் செம்பரம்பாக்கத்துக் கரைகள் கற்பித்த பாடத்தை மறக்கவும் கூடாது. ஆனால் அந்தக் காரணத்தால் அவர்களை அகற்றும்போது, தொழிலும் பள்ளியும் மருத்துவமும் எட்டாத ஏதோ ஒரு மேட்டுக்குத் தள்ளாமல், அவர்கள் கூலிக்குப் போகும் ஊரிலேயே மனையிடம் கொடுப்பது அரசின் கடமை. தொழிற்சாலைக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் தேடிக் கண்டுபிடிக்கும் நிர்வாகத்துக்கு, சில நூறு குடும்பங்களுக்குச் சில ஏக்கர் கண்டுபிடிப்பது முடியாத காரியமன்று. வாலாஜாபாத் ஒன்றியத்து ஊத்துக்காட்டிலும் வேறு சில ஊர்களிலும் அரசு அண்மையில் இருளர் குடும்பங்களுக்குக் கட்டிக்கொடுத்த வீடுகள், மனமிருந்தால் வழியுண்டு என்பதை மெய்ப்பித்திருக்கின்றன. அந்த நன்முயற்சியை மனமாரப் பாராட்டுகிறேன், அது விதிவிலக்காக நின்றுவிடக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

செய்யவேண்டியவை தெளிவானவை. இந்தப் பிரதேசத்தில் இனி எந்தத் தொழிற்பேட்டை விஸ்தரிப்புக்கும் நில எடுப்பு அறிவிப்பு வெளியாவதற்கு முன்பு, அந்த ஊர்களிலுள்ள இருளர் குடியிருப்புகள் அனைத்தையும் வருவாய்த்துறையும் பழங்குடியினர் நலத்துறையும் சேர்ந்து கணக்கெடுத்து, அப்பட்டியலைக் கிராம சபையில் படித்துக்காட்டி உறுதிசெய்ய வேண்டும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும், குடும்பத் தலைவியின் பெயரில், விற்கவோ அடமானம் வைக்கவோ இயலாத மனைப்பட்டா வழங்கவேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செரோக்கியரின் பொது நிலத்தைத் தனித்தனிப் பங்காகக் கூறுபோட்ட பிறகு அதில் பெரும்பகுதி எப்படிப் பிறர் கைக்கு நழுவிற்று என்பதை அறிந்தவர்கள், இந்த நிபந்தனை ஏன் வேண்டும் என்பதை உணர்வார்கள். கோட்டாட்சியர் குடியிருப்புக்கே வந்து முகாம் நடத்திச் சாதிச் சான்று தரவேண்டும். கம்பெனிச் சட்டத்தின்படி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடக் கடமைப்பட்ட ஆலைகள், அந்தப் பணத்தில் ஒரு பகுதியை இருளர் தாமே உறுப்பினராகவும் நிர்வாகியாகவும் உள்ள கூட்டுறவுச் சங்கங்களுக்கு மூலதனமாகத் தரட்டும். இருளர் வீட்டுப் பிள்ளைகளைத் தொழிற்பயிற்சி நிலையங்களில் சேர்த்து, ஒப்பந்தக் கூலியாக அல்லாமல் நேரடித் தொழிலாளராக ஏற்கட்டும்.

இராமானுஜர் அவதரித்த ஊர் என்று ஸ்ரீபெரும்புதூரை ஒவ்வோர் ஆண்டும் கொண்டாடுகிறோம். பிராமணரல்லாத திருக்கச்சி நம்பியைக் குருவாகக் கொள்ள விரும்பி, அவர் உண்ட மிச்சத்தையே பிரசாதமாகப் பெற ஏங்கியவர் என்றும், ஊரால் ஒதுக்கப்பட்டவர்களைத் திருக்குலத்தார் என்று அழைத்துக் கோயிலுக்குள் வழிவிட்டவர் என்றும் வைஷ்ணவ மரபு அவரைப் போற்றுகிறது. அம்மகானின் ஜன்மபூமியில், ஆலை மதிலுக்கும் ஏரிக்கரைக்கும் இடையே ஒரு குடும்பம் நாளை எங்கே உறங்குவது என்று அறியாமல் வாழ்வது, அம்மரபுக்கும் நம் அரசியல் சாஸனத்துக்கும் ஒருசேர இழுக்கு. செரோக்கியருக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்து மீறிய பழி அமெரிக்கருக்கு. இருளருக்கு நாம் இன்னும் எழுதியே கொடுக்கவில்லை. எழுதிக் கொடுக்கவும், எழுதியதைக் காக்கவும் நமக்குக் காலம் இருக்கிறது. அடுத்த நில எடுப்பு அறிவிப்பில் மாவட்ட ஆட்சியர் கையெழுத்திடுவதற்கு முன்பு, இருளர் பட்டாவில் அவர் கையெழுத்து விழட்டும்.